மூன்று நிமிடத்தில் மண்டபத்தைப் பிடிக்கும் பியானோ உருப்படிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கமும் நுவரெலியா பக்கமும் பல வருடமாகப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். ஒக்டோபர் பிறந்தால் போதும், போனில் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். ஒளி விழாவுக்கு (பாடசாலைக் கிறிஸ்மஸ் நிகழ்ச்சி) என்ன வாசிக்கலாம் மிஸ், பரிசளிப்பு விழாவில் ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள், கொழும்பில் ஒரு போட்டி இருக்கிறது, இப்படி. கேட்பவர்களில் பெரும்பாலானவர்கள் கிரேட் எட்டு முடித்தவர்கள், டிப்ளோமாவுக்குத் தயாராகிறவர்கள், அல்லது அவர்களுடைய அம்மா அப்பா. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன்.

சின்னதாக, எடுபடுகிற மாதிரி ஒரு உருப்படி என்றால் என்ன கணக்கு?

நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு உள்ளே. நம் ஊர் மேடையில் உங்களுக்கு முன்னால் அதிபரின் உரை இருக்கும், பின்னால் நடனம் இருக்கும், நடுவில் ஒலிபெருக்கிக்காரர் வயர் மாற்றிக்கொண்டிருப்பார். ஆறாவது நிமிடத்தில் கடைசி வரிசை கதைக்கத் தொடங்கிவிடும்.

எடுபடுவது என்றால் காதுக்கும் கண்ணுக்கும் ஒன்றாகத் தீனி கிடைப்பது. கை கையைத் தாண்டிப் போவது, இடது கை அடியிலிருந்து உச்சிக்குப் பாய்வது, சத்தம் படிப்படியாக ஏறி உடைவது. இவற்றோடு முடிவும் நன்றாக இருக்க வேண்டும். கைதட்டலில் பாதி கடைசி இரண்டு வரிக்குத்தான் கிடைக்கிறது. அமைதியாகக் கரைந்து முடியும் அருமையான உருப்படிகள் எத்தனையோ உண்டு, அவற்றை வீட்டிலும் பரீட்சையிலும் வாசியுங்கள்.

தெரிவு செய்யும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

அன்றைக்கு நீங்கள் வாசிக்கப்போகிற பியானோவை. உங்கள் விரல், உங்களுக்குப் பிடித்த இசையமைப்பாளர், யூடியூபில் பார்த்தது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பியானோக் கலைஞர் ஹொரோவிட்ஸ் 1986இல், 82 வயதில், பல பத்தாண்டுகளுக்குப் பிறகு மொஸ்கோவுக்குப் போய்க் கச்சேரி செய்தார். போகும்போது தன் வீட்டு ஸ்டெயின்வே பியானோவையும் கூடவே கொண்டுபோனார். அந்த வசதி நமக்கு இல்லை. மண்டபத்து மூலையில் துணி போர்த்தி நிற்கிறதே, அதுதான் நமக்கு. வெள்ளைக்காரத் துரைமார் காலத்து அப்ரைட்டாக (அலமாரி போல நிமிர்ந்து நிற்கும் பியானோ) இருக்கலாம், யாரோ நன்கொடையாகக் கொடுத்ததாக இருக்கலாம், விலை உயர்ந்த டிஜிட்டலாகவும் இருக்கலாம். குறைந்தது ஒரு கிழமைக்கு முன்னால் போய்த் தொட்டுப் பாருங்கள். உருப்படியை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.

போய்ப் பார்த்தால் எதைச் சோதிப்பது?

ஐந்து நிமிட வேலைதான். அடியிலிருந்து உச்சிவரை ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக அழுத்திப் பாருங்கள், கறுப்பும் வெள்ளையும். கீழே போனது மேலே வருகிறதா? வராதவற்றை ஒரு தாளில் குறியுங்கள். அப்புறம் நடு சி, அதற்கு மேல் சி, அதற்கும் மேல் சி, மூன்றிலும் ஒரே கட்டையை மூன்று விரலால் மாற்றி மாற்றி வேகமாக அடியுங்கள். எந்த வேகத்தில் சத்தம் விட்டுப்போகிறது என்று பாருங்கள். பெடலை மிதித்து விடுங்கள், கிரீச்சிடுகிறதா, விட்ட பிறகும் சத்தம் நிற்காமல் ஓடுகிறதா என்று கேளுங்கள். கடைசியாக ஆசனம். பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து போடுவார்கள், உயரம் போதாது. நான் பையில் இரண்டு தடித்த குஷன் வைத்திருக்கிறேன்.

ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அடிக்கும் உருப்படிகளை வேண்டாம் என்று ஏன் சொல்கிறீர்கள்?

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு டிசம்பர் மாதம்.

ஸ்கார்லாட்டியின் டி மைனர் சொனாட்டா, கே. 141 (அது அவருடைய சொனாட்டாக்களின் பட்டியல் எண்). நான்கு நிமிடம்கூட இல்லை. முதல் வரியிலேயே வலது கை ஒரே கட்டையில் ஆறு ஆறாகப் பொரிய வேண்டும், இடது கை கிட்டார் மீட்டுவது போலக் கோர்ட் (பல கட்டைகளை ஒன்றாக) அடிக்க வேண்டும். என் மாணவி ஒருத்தி அதை வீட்டில் தீப்பொறி மாதிரி வாசிப்பாள். அவளுடைய பாடசாலை ஒளி விழாவுக்கு அதையே கொடுத்தேன். மண்டபத்துப் பியானோவை நான் போய்ப் பார்க்கவில்லை. மூன்று நாள் விடாமல் தூறல். அவள் உட்கார்ந்தாள், தொடங்கினாள், ஆறு அடியில் இரண்டுதான் கேட்டது. மற்ற நான்கும் வெறும் மரச் சத்தம், டொக் டொக் என்று. பிள்ளை இன்னும் பலமாக அடித்தாள், கட்டை கீழேயே தங்கிவிட்டது. இடது கை விரலால் அதைத் தூக்கிவிட்டுத் தொடர்ந்தாள். முன்வரிசையில் சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். பிழை அவளுடையது இல்லை, பியானோவைப் பார்க்காமல் உருப்படி கொடுத்த என்னுடையது.

காரணம் பொறிமுறையில் இருக்கிறது. படுக்கை வாட்டில் நீளும் கிராண்ட் பியானோவில், கட்டை முழுக்க மேலே வருவதற்குள்ளேயே சுத்தியலை மறுபடி தள்ளிவிட ஒரு நெம்புகோல் உண்டு. எரார்ட் நிறுவனம் 1821இல் பதிவு செய்த ஏற்பாட்டிலிருந்து வந்தது அது. சாதாரண அப்ரைட்டில் அது கிடையாது. கட்டை ஏறக்குறைய முழுதாக எழும்பி வந்தால்தான் அடுத்த அடி. அதோடு நம் ஈரம் சேர்கிறது. கட்டையைத் தாங்கும் ஊசிகளைச் சுற்றியுள்ள கம்பளித் துணி ஊதிப் பிடித்துக்கொள்ளும். தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, துவைத்த பாடசாலைச் சீருடையே காயாது.

ஆகவே அப்ரைட் என்றால் கே. 141 வேண்டாம். ஒற்றை டி கட்டையைத் தட்டித் தொடங்கும் புரொகோஃபியேவின் டொக்காட்டா, ஓபஸ் 11 (ஓபஸ் என்பது இசையமைப்பாளரின் படைப்பு எண்), அதுவும் வேண்டாம். லிஸ்ட்டின் லா காம்பனெல்லாவும் வேண்டாம்.

அப்படியென்றால் சுமாரான பியானோவிலும் எடுபடுவது எது?

இந்தக் கேள்விதான் முக்கியமானது, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதல் பெயர் ஷோப்பானின் சி மைனர் எட்யூட் (பயிற்சிக்கென்று எழுதிய உருப்படி), ஓபஸ் 10 இலக்கம் 12. 'புரட்சி எட்யூட்' என்று ஊரெல்லாம் சொல்வது. இரண்டரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. ஒரு கோர்ட் இடி போல விழும், இடது கை மேலிருந்து சரிந்து இறங்கும், அங்கிருந்து கடைசி வரை இடது கைக்கு ஓய்வில்லை. வேலை முழுவதும் நடுப்பகுதியிலும் அடியிலும் நடக்கிறது, பழைய அப்ரைட்டுகளில் உயிரோடிருக்கிற பகுதியும் பெரும்பாலும் அதுதான். உச்சிக் கட்டைகள் தகர டப்பா மாதிரி ஒலித்தாலும் இந்த உருப்படி தாங்கும். ஒன்றிரண்டு கட்டை சுருதி விலகியிருந்தால் அந்த ஓட்டத்தில் யாருக்கும் தெரியாது.

அடுத்தது ஸ்க்ரியாபினின் டி ஷார்ப் மைனர் எட்யூட், ஓபஸ் 8 இலக்கம் 12. இரண்டரை நிமிடம்தான். வலது கை ஒக்டேவில் (எட்டாவது கட்டையிலுள்ள அதே சுரத்தையும் சேர்த்து) பாடும், இடது கை பெரிய தூரம் பாயும். கடைசிப் பக்கத்தில் கோர்ட்டுகள் துடிப்பது போலத் திரும்பத் திரும்ப விழும். இங்கேயும் திரும்ப அடிப்பதுதானே என்று கேட்பீர்கள். கை முழுவதும் எழுந்து விழுவதால் வேகம் அவ்வளவு இல்லை, பியானோ ஈடுகொடுக்கும்.

ரஹ்மானினோவின் சி ஷார்ப் மைனர் பிரெலூடையும் சொல்ல வேண்டும். 19 வயதில் எழுதியது, 1892. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க எங்கே போனாலும் அதையே வாசிக்கச் சொல்லி ஆட்கள் கேட்டு அவருக்கே வெறுத்துப்போயிற்று. நான்கு நிமிடம். கடைசியில் முதல் பகுதி திரும்பி வரும்போது இரண்டு கோட்டுத்தொகுதிக்குப் பதிலாக நான்கில் எழுதியிருப்பார், தாளைப் பார்த்தாலே பயம் வரும். ஆனால் மெதுவானது. இது அமைதியாகத்தான் முடியும், நான் மேலே சொன்னதற்கு இது ஒரு விலக்கு. நடுவில் அவ்வளவு மணியடித்த பிறகு அந்த அமைதியும் எடுபடுகிறது.

அப்புறம் என் சொந்த விருப்பம், பார்ட்டொக்கின் அல்லெக்ரோ பார்பரோ, 1911. இரண்டரை நிமிடம், பியானோவைத் தோல்வாத்தியம் போல நடத்துவது. "இந்த முரட்டுச் சத்தம் தோட்டத்து ஆட்களுக்குப் பிடிக்குமா?" என்று ஒரு தகப்பன் கேட்டார். காமன் கூத்துக்குத் தப்பு அடிப்பதைக் கேட்டு வளர்ந்த ஜனத்துக்கா பிடிக்காது? ஒரே அடியைப் பிடித்து வைத்துக்கொண்டு அதன்மேல் விளையாடுவது நமக்குப் பழக்கமான சங்கதி. நான் பார்த்த வரையில் ஷோப்பானுக்குத் தலையாட்டாத தாத்தாமார்கூட பார்ட்டொக்குக்குக் கால் தட்டுகிறார்கள். அதே காரணத்துக்காக ஆர்ஜென்டினாக்காரர் ஹினாஸ்டெராவின் நடனங்கள் மூன்றையும் பாருங்கள், ஓபஸ் 2, 1937. முதலாவதில் வலது கை வெள்ளைக் கட்டையில் மட்டும், இடது கை கறுப்பில் மட்டும் ஓடும், ஒன்றேகால் நிமிடம். மூன்றாவதுதான் மண்டபத்தை உலுக்குவது, மூன்று நிமிடம்.

நல்ல கிராண்ட் கிடைத்தால்?

கொழும்புக்குப் போனாலோ, நல்ல பராமரிப்பில் ஒரு கிராண்ட் வைத்திருக்கும் ஹோட்டலோ பாடசாலையோ கிடைத்தாலோ கதவு திறந்தது. டெபுஸியின் 'வாணவேடிக்கை', பிரெலூட் இரண்டாம் தொகுதியின் கடைசி உருப்படி, 1913. முடிகிற இடத்தில் பிரான்சின் தேசிய கீதம் தூரத்தில் தேய்ந்து கேட்கும். ராவெலின் 'நீர் விளையாட்டு', 1901, ஐந்து நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும். லிஸ்ட்டின் 'குள்ளர்களின் ஆட்டம்', மூன்று நிமிடம். இவற்றுக்கெல்லாம் மெல்லிய சத்தத்தில் தெளிவு வேண்டும், அதைக் கொடுப்பது பாதி பியானோ.

கேட்கக் கஷ்டமாக இருக்க வேண்டும், வாசிக்க அவ்வளவு கஷ்டம் இருக்கக்கூடாது. அப்படி உண்டா?

உண்டு, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிண்டிங்கின் 'வசந்தத்தின் சலசலப்பு', ஓபஸ் 32 இலக்கம் 3. இரண்டரை நிமிடம், கைக்கு அடங்கிய ஆர்பெஜியோக்கள் (கோர்ட்டைச் சுரம் சுரமாகப் பிரித்து அடிப்பது), சத்தமோ ஆறு பெருகுவது போல. ஃபாயாவின் 'நெருப்புச் சடங்கு நடனம்', நான்கு நிமிடத்துக்கு உள்ளே. பியானோக் கலைஞர் ரூபின்ஸ்டைன் இதைக் கச்சேரி முடிவில் வாசிக்கும்போது கைகளைத் தலைக்கு மேலே தூக்கித் தூக்கி அடிப்பார், பழைய படச்சுருளில் பார்க்கலாம். நீங்கள் அவ்வளவு தூக்க வேண்டாம், கொஞ்சம் தூக்கினால் போதும். ஆனால் அதன் தொடக்கத்தில் நீளமான ட்ரில் (பக்கத்துக் கட்டை இரண்டை மாறி மாறி வேகமாக அடிப்பது) உண்டு, பியானோ ஒட்டுகிறதா என்று முன்பே பாருங்கள்.

ஷோப்பானின் 'கறுப்புக் கட்டை' எட்யூடும், ஓபஸ் 10 இலக்கம் 5, ஓரளவு இந்த இனம். வலது கை முழுக்கக் கறுப்பில் ஓடும், ஒரே ஒரு வெள்ளைக் கட்டையைத் தவிர. அறிவிப்பாளர் அதைச் சொல்லிவிட்டால் முன்வரிசைப் பிள்ளைகள் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். ஒன்றே முக்கால் நிமிடம், கடைசியில் ஒக்டேவில் தடதடவென்று இறங்கி முடியும்.

இதற்கு எதிர்ப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே ஓபஸ் 10இல் இலக்கம் 2. வலது கையின் பலவீனமான மூன்று விரல்களால் குரோமாட்டிக் ஸ்கேல் (கறுப்பு வெள்ளை எல்லாக் கட்டையும் வரிசையாக) ஓட வேண்டும், மிச்ச இரண்டு விரல் கோர்ட் பிடிக்கும். ஆறு மாதம் உயிரை வாங்கும். கேட்பவருக்கு யாரோ ஸ்கேல் பழகுவது போலத்தான் இருக்கும். ஓபஸ் 25 இலக்கம் 6, இரட்டை மூன்றாம் சுரங்கள், அதுவும் இப்படித்தான். பியானோ தெரிந்த நடுவருக்கு முன்னால் வாசியுங்கள், ஊருக்கு முன்னால் வேண்டாம்.

என் கை சின்னது. ஒக்டேவுக்கு மேல் எட்டாது.

அப்போது ஸ்க்ரியாபினையும் ரஹ்மானினோவையும் தள்ளி வையுங்கள். வலியோடு வாசித்தால் வலிதான் கேட்கும். மெண்டெல்சோனின் 'நூற்புப் பாட்டு', ஓபஸ் 67 இலக்கம் 4, இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. மொஷ்கொவ்ஸ்கியின் எஃப் மேஜர் எட்யூட், ஓபஸ் 72 இலக்கம் 6, ஒன்றரை நிமிடம். அவருடைய 'தீப்பொறிகள்', ஓபஸ் 36 இலக்கம் 6, மூன்று நிமிடம், ஹொரோவிட்ஸ் அந்த மொஸ்கோ கச்சேரியிலும் இதை வாசித்தார். இவை மூன்றும் விரல் நுனியில் நிற்பவை, அகலம் கேட்காதவை. நான் இந்தப் பக்கத்தில் ஒருவருக்காவது மொஷ்கொவ்ஸ்கியை அறிமுகப்படுத்தியிருந்தால் சந்தோஷம், நம் ஊரில் அவரை யாரும் எடுப்பதில்லை.

மகளுக்குப் பதினான்கு வயது. லா காம்பனெல்லாதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள் மிஸ். கொடுக்கலாமா?

பழகக் கொடுங்கள், மேடைக்கு வேண்டாம். லிஸ்ட் 1851இல் திருத்தி வெளியிட்டது, பகானினியின் வயலின் கொன்செர்ட்டோவிலிருந்து எடுத்த மெட்டு. வலது கை இரண்டு ஒக்டேவ் வரை பாய்ந்து ஒரு கட்டையின் நடுவில் சரியாக விழ வேண்டும், அது நூறு தடவை. பத்தில் ஒன்பது பாய்ச்சல் சரியாக விழுந்தாலும் அந்தப் பத்தாவது எல்லோருக்கும் கேட்கும், மணியோசை அல்லவா. அடம்பிடிக்கும் பிள்ளைக்கு நான் கறுப்புக் கட்டை எட்யூடைக் கொடுத்து, இதை மேடையில் மூன்று தடவை சுத்தமாக வாசித்த பிறகு மற்றதைப் பார்ப்போம் என்று சொல்வேன். சிலர் மூன்றாவது தடவைக்குள் காம்பனெல்லாவை மறந்துவிடுகிறார்கள். மறக்காதவர்களுக்குக் கொடுத்துவிடுவேன்.

ஃபான்டஸி இம்ப்ரொம்ப்டுவை எல்லோரும் வாசிக்கிறார்கள். நானும் வாசிக்கலாமா?

வாசியுங்கள். ஷோப்பான் உயிரோடிருந்த வரைக்கும் வெளியிடாமல் வைத்திருந்தது, 1855இல் நண்பர் ஃபொன்டானா வெளியிட்டார். வலது கை எட்டு அடிக்கும் நேரத்தில் இடது கை ஆறு அடிக்கும், அது பழகிவிட்டால் மற்றது ஓடிவிடும். எல்லோரும் தடுக்கி விழுவது நடுப்பகுதியில். மெதுவானது, சுலபம், ஆனால் திரும்பத் திரும்ப வரும். அங்கே ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று மாறாவிட்டால் சபை போனை எடுத்துவிடும்.

எவ்வளவு வேகமாக வாசிக்க வேண்டும்?

உங்களால் முடிந்த வேகத்தில் பத்தில் ஒன்பது. மிச்சம் ஒரு பங்கைக் கையில் வைத்திருங்கள், மேடையில் அது தானாகச் செலவாகிவிடும். பயத்தில் எல்லோரும் ஓடுகிறார்கள். புரட்சி எட்யூடுக்கு அச்சிட்ட வேகம் நிமிடத்துக்கு 160 கால் சுரம், நான் 138இல் தெளிவாக வாசிப்பவரை 160இல் குழப்புபவரைவிட விரும்பிக் கேட்பேன். சோதனை ஒன்று சொல்கிறேன்: தோட்டத்துப் படிக்கட்டை ஒரு தடவை ஏறி இறங்கி, மூச்சு வாங்க வாங்க வந்து உட்கார்ந்து முதல் பக்கத்தை வாசியுங்கள். அப்போது வருகிற வேகம்தான் உங்கள் மேடை வேகம்.

நுவரெலியாக் குளிரில் விரல் விறைத்துவிடுகிறது.

1,868 மீற்றர் உயரம், ஜனவரியில் புல்லில் உறைபனி விழுகிற ஊர், விறைக்காமல் என்ன செய்யும். பியானோக் கலைஞர் க்ளென் கூல்ட் ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் வெந்நீரில் முழங்கை வரை கையை ஊறவைப்பார், அவர் கனடாக்காரர், குளிர் தெரிந்தவர். நமக்குச் சுடச்சுட ஒரு ப்ளேன்டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் நின்றாலே பாதி சரியாகும். மணிக்கட்டுக்குக் கம்பளி போடுங்கள், குளிர் அங்கேதான் ஏறுகிறது. தொடங்கியவுடனே முழு வேகத்தில் ஓடும் உருப்படிக்கு முன்னால் ஒரு நிமிடம் மெதுவாக ஏதாவது வாசிக்க இடம் கேளுங்கள்.

வாசிக்கும்போது மழை பிடித்துக்கொண்டால்?

தகரக் கூரை மண்டபமென்றால் மழையோடு போட்டி போட முடியாது. டெபுஸியின் 'மழையில் தோட்டங்கள்', 1903, மூன்றரை நிமிடம், நம் ஊருக்கென்றே எழுதியது போல இருக்கும். பிரெஞ்சுத் தாலாட்டு ஒன்றும் சிறுவர் பாட்டு ஒன்றும் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் மிக மெல்லிதாகத் தொடங்குவது, உண்மையான மழை வந்தால் பொய்யான மழை யாருக்கும் கேட்காது. மழைக்கால நிகழ்ச்சிக்குச் சத்தமாகத் தொடங்கும் ஒன்றைக் கையிருப்பில் வைத்திருங்கள். ஒரு தடவை அறிவிப்பாளரின் காதில் சொல்லி நிகழ்ச்சியையே மாற்றிக்கொண்டோம், ஒன்றும் குடிமுழுகவில்லை.

பாடசாலையில் 61 கட்டை கீபோர்ட்தான் இருக்கிறது.

இந்த உருப்படிகளில் அநேகமானவை அதில் அடங்காது. ரஹ்மானினோவின் அந்த மூன்று தொடக்கச் சுரங்களில் கடைசி சி ஷார்ப் அதில் இல்லவே இல்லை. 88 கட்டை டிஜிட்டல் பியானோ ஒன்றை இரவல் கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஸ்கார்லாட்டி சொனாட்டாக்கள் 555 இருக்கின்றன, அவர் காலத்து வாத்தியத்துக்கு எழுதியவை, பெரும்பாலானவை ஐந்து ஒக்டேவுக்குள் நிற்கும். தாளை வாங்கும் முன் அதில் வரும் அடிச் சுரத்தையும் உச்சிச் சுரத்தையும் பாருங்கள். கே. 141க்கு நான் போட்ட தடையும் கீபோர்டில் கிடையாது, கட்டை சட்டென்று எழும்பும்.

பியானோ ஒட்டாமல் இருக்க என்ன செய்வது?

ஊரில் எல்லோரும் செய்வது: அப்ரைட்டின் கீழ்ப் பலகையைக் கழற்றி உள்ளே ஒரு சின்ன பல்ப் எரியவிடுவது. பழைய இழை பல்ப்பாக இருக்க வேண்டும், 25 வாட் போதும், மரத்திலும் துணியிலும் படாமல். அண்மையில் ஒரு தேவாலயத்தில் பல்ப் எரிகிறது, ஆனாலும் கட்டை ஒட்டுகிறது என்றார்கள். பார்த்தால் மின்சாரம் மிச்சம் பிடிக்க எல்ஈடி மாட்டியிருந்தார்கள். வெளிச்சம் இருந்தது, சூடு இல்லை. பூச்சிக்கு நப்தலீன் உருண்டையைத் துணியில் முடிந்து தொங்கவிடுங்கள். வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். சுருதி சேர்ப்பவர் கண்டியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வர வேண்டும், தனியாகக் கூப்பிட்டால் போக்குவரத்துச் செலவே கூடிவிடும். பக்கத்துப் பாடசாலை, தேவாலயம், ஹோட்டல் நான்கைச் சேர்த்து ஒரே பயணத்தில் முடியுங்கள். நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று நாள் முன்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மாதத்துக்கு முன்பு சேர்த்த சுருதி நம் சீதோஷ்ணத்தில் நிற்காது.

தாளைப் பார்த்து வாசிக்கலாமா?

வாசிக்கலாம், யாரும் அடிக்க வரமாட்டார்கள். ஆனால் பாய்ச்சல் உள்ள உருப்படிக்கு கண் கட்டையில் இருக்க வேண்டும், எப்படியும் மனப்பாடமாகிவிடும். தாள் வைத்தால் எல்லாப் பக்கத்தையும் ஒரே அட்டையில் ஒட்டுங்கள். துணி காயப்போடும் கிளிப் நான்கு கொண்டுபோங்கள், ஹப்புத்தளைக் காற்றுக்கு ஜன்னல் கண்ணாடி இருந்தும் பயனில்லை.

இசைத்தாள் எங்கே கிடைக்கும்?

ஷோப்பான், லிஸ்ட், மொஷ்கொவ்ஸ்கி, ஸ்க்ரியாபின், ரஹ்மானினோவ், டெபுஸி எல்லோரும் இணையத்தில் சட்டப்படி இலவசம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 70 வருடம் வரை. 1945இல் இறந்த பார்ட்டொக்கும் 1953இல் இறந்த புரொகோஃபியேவும் இப்போது அந்தக் கணக்கில் வந்துவிட்டார்கள். ஹினாஸ்டெரா 1983இல் இறந்தவர், அவரைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

டிப்ளோமாப் பரீட்சைக்கும் இதையே கொண்டுபோகலாமா?

சிலவற்றை. ரோயல் ஸ்கூல்ஸ் நடத்தும் ஏஆர்எஸ்எம் டிப்ளோமா அரை மணி நேரக் கச்சேரி, அதில் பத்து நிமிடம் வரை கிரேட் எட்டுத் தரத்துக்குக் குறையாத சொந்தத் தெரிவுக்கு இடம் உண்டு. பாடத்திட்டம் மாறும், அந்த வருடத்ததைப் பாருங்கள். நான்கு பட்டாசை ஒரே சரமாகக் கட்டாதீர்கள். ஒன்று போதும், கடைசியில்.

தமிழ்ப் பாட்டு ஒன்றைப் பியானோவில் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். தரம் குறைந்துவிடுமா?

ஏன் குறைய வேண்டும்? லிஸ்ட் தன் காலத்து ஒபேராப் பாட்டுகளை எடுத்து வாணவேடிக்கையாக்கித்தான் மண்டபங்களை நிரப்பினார். எட்யூடை முதலில் வாசித்துக் கைதட்டல் வாங்குங்கள், எழுந்து வணங்குங்கள், அப்புறம் உட்கார்ந்து அவர்கள் கேட்ட பாட்டை உங்கள் பாணியில் வாசியுங்கள். இடது கைக்கு அந்தப் புரட்சி எட்யூட் கற்றுக்கொடுத்ததை அங்கே பயன்படுத்துங்கள். முறையை மாற்றினால் மட்டும் சிக்கல், பாட்டுக்குப் பிறகு எட்யூடை யாரும் கேட்கமாட்டார்கள்.

அறிவிப்பாளரிடம் என்ன எழுதிக் கொடுப்பது?

இரண்டு வரி. "1831இல் வார்சோ நகரம் ரஷ்யப் படையிடம் வீழ்ந்தது. ஏறக்குறைய அந்தக் காலத்தில் ஷோப்பான் எழுதியது இது." ஓபஸ் இலக்கம் வேண்டாம். 'புரட்சி' என்ற பெயரை அவர் வைக்கவில்லை, பிறகு ஒட்டிக்கொண்டது, ஆனால் மேடையில் சொல்லுங்கள். பெயர்களை தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். ஒரு தடவை ஷோப்பானை 'சொப்பின்' என்று கூப்பிட்டு மண்டபமே கடைவீதியாகிவிட்டது.

நடுவில் மறந்துவிட்டால், அல்லது கரண்ட் போய்விட்டால்?

மறதிக்கு, உருப்படியில் நான்கு இறங்குதுறைகளை முன்பே தெரிந்து வையுங்கள். புரட்சி எட்யூடில் தொடக்கத்து இடி நடுவில் மறுபடி வருகிறதே, அது ஒன்று. எங்கே தொலைந்தாலும் பின்னால் போகாமல் அடுத்த துறைக்குத் தாவிவிடுங்கள். மூன்று நிமிட உருப்படியில் பத்து விநாடி காணாமல்போனதை உங்கள் டீச்சரைத் தவிர யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள்.

கரண்டுக்கு, கடைசிக் கிழமையில் இரவு விளக்கை அணைத்துவிட்டு வாசித்துப் பழகுங்கள். மரப் பியானோவுக்கு மின்சாரம் வேண்டாம். என் மாணவன் ஒருவனுக்குப் புரட்சி எட்யூடின் கடைசிப் பக்கத்தில் மண்டபம் இருண்டது. அங்கே இரண்டு கையும் ஒரே ஓட்டத்தை மேலிருந்து அடிவரை சேர்ந்து இறங்குகின்றன, அப்புறம் கோர்ட்டுகள். அவன் நிறுத்தவில்லை. கடைசி சி மேஜர் இருட்டில் விழுந்தது, ஜெனரேட்டரை யாரோ தேடிக்கொண்டிருந்தார்கள், கைதட்டல் அதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது.